தைலம் பூசாத கைகள்

மலையேறி வரும் வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் எனக்கு இரண்டு முட்டிகளும் வலிக்கும். பதுளையில் எங்கள் வீட்டுக்கு ஏற பதினான்கு படிகள். ஒவ்வொன்றையும் எனக்குத் தனித்தனியாகத் தெரியும். பண்டாரவளையில் மருந்துக் கடை வைத்திருக்கும் என் மகள்தான் தைலம் அனுப்புவாள். சென்ற வருடம் தைலத்தோடு என் போனுக்கு ஒரு கட்டுரையும் அனுப்பினாள். "அப்பா, நீங்க முட்டியில தேய்க்கிற சாமான் தேயிலைக்குள்ளயே இருக்காம். இனிமே கொழுந்தையே அரைச்சுப் பூசிக்கங்க" என்று ஒரு குரல் செய்தி வேறு.

சிரித்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

தைலத்தின் மணத்துக்குக் காரணம் மெத்தில் சலிசிலேட் என்ற பொருள். தேயிலைச் செடியும் அதைச் செய்கிறது. செய்து, சர்க்கரையோடு சேர்த்துக் கட்டி, மணம் வெளியே வராமல் இலைக்குள் பூட்டி வைத்துக்கொள்கிறது. பூச்சி கடித்தாலோ இலை கசங்கினாலோ ஒரு நொதி வந்து சர்க்கரையை வெட்டிவிடும். மணம் வெளியே வந்துவிடும். சில செடிகளில் அந்த மணமே காற்றில் போய், "ஆபத்து" என்று பக்கத்துச் செடிக்குச் சேதி சொல்கிறதாம். பக்கத்துச் செடி அந்தச் சேதியை எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதை இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள். வாங்கிய செடி தானும் அதே மணத்தைச் செய்து அடுத்த செடிக்கு அனுப்புமாம். எங்கள் தோட்டங்களில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லய வீடுகளில் சேதி பரவுவதும் ஏறக்குறைய இப்படித்தான்.

நான் ஏன் சிரிப்பை நிறுத்தினேன் என்று சொல்லிவிடுகிறேன்.

இருபத்து நான்கு வயதில், கெமிஸ்ட்ரி படித்த பட்டத்தோடு, பதுளைக்கு மேலே ஒரு தோட்டத்தில், ஆலையில் தேயிலை தயாரிப்பதைக் கவனிக்கும் உதவி டீமேக்கராகச் சேர்ந்தேன். நானும் கொஸ்லந்தப் பக்கம் ஒரு லயத்தில் பிறந்தவன்தான். அதனாலேயோ என்னவோ, லயத்து ஆட்களிடம் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு விறைப்பாக இருந்தேன். தேயிலை ஆலையை எங்கள் ஜனங்கள் ஸ்டோர் என்பார்கள். ஸ்டோருக்குள் பூ, பவுடர், தைலம் எதுவும் கூடாது. தேயிலை எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். பெண்கள் தலைப்பூவைக் கழற்றி வாசல் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

பெரிய டீமேக்கர் ஊருக்குப் போயிருந்த ஒரு வாரம் ஸ்டோர் என் கையில். கச்சான் அடிக்க ஆரம்பித்திருந்தது. கொழுந்து வாட்டும் மாடிக்கு ஏறினேன். குப்பென்று தைல மணம். கொழுந்து பரப்பிக்கொண்டிருந்தவர்களில் ஒரு பெண் தலைவலிக்காரர். வீட்டில் தைலம் பூசுவார் என்று எல்லோருக்கும் தெரியும். நேரே அவரிடம் போனேன்.

"கையில என்ன, தைலமா?"

"இல்லைங்க ஐயா. தைலம் முடிஞ்சு மூணு நாளாச்சு. கொழுந்துதான் மணக்குது. மோந்து பாருங்க."

"கொழுந்து தைலம் மணக்குமா? எனக்கே கெமிஸ்ட்ரி சொல்லித் தர்றியா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. மறுநாள் காலை பெரட்டுக்கே போனேன். வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம் அது, தோட்டமே நிற்கும். அத்தனை பேர் முன்னால், தைலம் பூசித் தேயிலையைக் கெடுத்தவர் என்று சொல்லி, அவரை ஸ்டோரிலிருந்து நீக்கி மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பினேன்.

பெரிய டீமேக்கர் திரும்பி வந்தார். ஒரு கை கொழுந்தை அள்ளி முகர்ந்தார். "வந்துட்டாய்யா மகராசி!" என்றார். எங்கள் ஊவா மலைப்பக்கம் வருடத்தில் கச்சான் அடிக்கும் சில வாரம் மட்டும் வரும் மணம் அது, அதற்காகவே வெளிநாட்டில் காத்திருக்கிறார்கள் என்று விளக்கினார். அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. சீசன் மணம் வேறு, தைல மணம் வேறு, நான் முகர்ந்தது தைலத்தைத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்தில்தான் இத்தனை வருடமும் தூங்கினேன். இரண்டும் ஒரே பொருள் என்று பழைய புத்தகங்களிலேயே இருந்திருக்கும். நான் தேடவில்லை. தேடினால் கிடைத்துவிடுமே.

கடைசியில் மகளே அனுப்பிவிட்டாள்.

பஸ் ஏறிப் போனேன். அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாது. தோட்டத்துக் கடையில் அடையாளம் சொல்லி விசாரித்தேன். "தைலக்காரி வீடா? மேல் லயம், மூணாவது காம்பரா" என்றார் கடைக்காரர். எனக்கு முட்டி வலி மறந்துவிட்டது.

அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன்.

"அட, மூக்கு ஐயாவா! உக்காருங்க. சீரியல் முடியட்டும்."

எனக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது அன்றுதான் தெரிந்தது. சீரியல் முடிந்தது. போனை நீட்டி இலை, சர்க்கரை, நொதி என்று எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"இதைத்தானே அன்னைக்கே சொன்னேன். படிச்சவங்களுக்கு இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு காலமா?"

"மன்னிச்சிருங்க. நான் செஞ்சது தப்பு."

"என்கிட்ட சொல்லி என்னத்துக்கு? நான் பூசலேன்னு எனக்குத் தெரியாதா? பெரட்டுல வச்ச பேரு. என் பேத்தியக்கூட இஸ்கூல்ல தைலக்காரி பேத்திங்கிறாங்க. பெரட்டுல வச்சதைப் பெரட்டுலதான் எடுக்கணும். காலையில ஆறரைக்கு வாங்க."

"எனக்கு முட்டி வலிங்க. அந்நேரத்துக்கு..."

"தைலம் பூசிக்கிட்டு வாங்க."

பூசிக்கொண்டுதான் போனேன். மகளின் கணவர் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார். பெரட்டில் முப்பது நாற்பது பெண்கள், முதுகில் சாக்கோடு. பெரும்பாலும் நான் தோட்டத்தைவிட்டுப் போன பிறகு பிறந்தவர்கள். அந்த அம்மா கம்பை ஊன்றி முன்னால் நின்றார். கங்காணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமி, "தேயிலை இலைக்குள்ளே சர்க்கரையோடு..." என்று தொடங்கினேன்.

"சர்க்கரையெல்லாம் வேணாம் தம்பி, கொழுந்து முத்திரும். நேரா சொல்லுங்க" என்றார் அந்த அம்மா. ஐயா தம்பியானதை நான் கவனித்தேன்.

"இவங்க அன்னைக்குத் தைலம் பூசல. நான்தான் தப்பா சொன்னேன். தப்புன்னு தெரிஞ்ச பொறகும் சொல்லாம இருந்துட்டேன்."

பின்வரிசையில் ஒரு சின்னப் பெண், "அப்ப இனிமே பாட்டிய என்னன்னு கூப்புடுறது?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்பன் ஆத்தா வச்ச பேரு இல்லையா எனக்கு?"

"அது என்ன பேருன்னே எங்களுக்குத் தெரியாதே!"

அவர் என் பக்கம் திரும்பினார். "தம்பிக்குத் தெரியும். செக்ரோல்ல தினமும் எங்க பேரை எழுதினவர்தானே. சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு நினைவில்லை. அந்த மணம் நினைவிருந்தது, ஆணியில் தொங்கிய பூக்கள் நினைவிருந்தன, பெயர் இல்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் தன் பெயரைத் தானே சத்தமாகச் சொன்னார், இரண்டு முறை. இரண்டாவது முறை என்னைப் பார்த்து.