மூன்றரைச் செய்யுள் தாங்கியவர்

1881ஆம் ஆண்டு மார்ச் 14, திங்கட்கிழமை, மாலை ஏழரை மணி. அமெரிக்காவின் டாவன்போர்ட் நகரத்து ஜெர்மானிய உடற்பயிற்சிக் கழகத்தின் மண்டபத்தில் நான் மரக்குதிரையின்மேல் அமர்ந்திருந்தேன். தாண்டுவதற்காக ஓடிவந்து, பாதியில் மனம் மாறி உட்கார்ந்துவிட்டேன். இறங்கும் முறையை நான் படித்த நூல் கூறியிருக்கவில்லை. பீப்பாய் செய்யும் டெட்லெஃப் லாம்ப்ரெக்ட் வந்து, மாவு மூட்டையை இறக்குவதுபோல் என்னை இறக்கி வைத்தார்.

"நீதான் புது வாத்தியாரா?"

"ஆமா. நம்ம கழகம் நடத்தற பள்ளிக்கூடத்துல இலக்கணம் சொல்லிக்குடுக்கறேன்."

"குதிரைக்கு அதெல்லாம் தெரியாதுப்பா. நாளைக்குக் கயித்துலேருந்து ஆரம்பி."

கழகத்தில் அனைவரும் சகோதரர்கள். ஆகையால் பட்டதாரியையும் 'நீ' என்றே அழைப்பார்கள். இந்தச் சமத்துவத்தைப் போற்றி நான் கட்டுரையே எழுதியிருக்கிறேன். காதில் விழும்போது மட்டும் சற்று உறுத்தும்.

நான்காண்டுப் பயிற்சியில் என்னிடம் வெளிப்பட்ட ஒரே திறமை என் எடைக்குறைவு. எனவே பன்னிருவர் அடுக்காக நிற்கும் மனிதக் கோபுரத்தின் உச்சியில், கையில் கொடியுடன், என்னை நிறுத்தினார்கள். அடிவரிசையின் நடுவில் டெட்லெஃப். பதினொரு பேரின் பாரமும் ஏதோ ஒரு வழியாக அவர் தோளுக்கு வந்து சேரும்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. அணித்தலைவராகி, ஒருநாளாவது வரிசைக்கு முன்னால் நின்று கட்டளையிட வேண்டும். எட்டு ஆண்டுகளாகக் காத்திருந்தார். பட்டறையில் பீப்பாய்களை நான்கு வரிசையாக நிறுத்தி, "வலப்பக்கம் திரும்பு!" என்று முழங்குவார்.

"இதுவரைக்கும் ஒண்ணுகூடத் திரும்பல" என்பாள் அவர் மனைவி வீப்கே. "ஆனா எதுத்தும் பேசல. உன் ஆளுங்களைவிட இதுங்க எவ்வளவோ தேவலாம்."

1885 ஜூனில் வட்டாரப் போட்டி எங்கள் நகரில் நடந்தது. கோபுரம் நின்று, ஒழுங்காக இறங்கிவிட்டால் அணித்தலைவர் பதவி டெட்லெஃபுக்குத்தான் என்று செயற்குழு முன்பே முடிவு செய்திருந்தது.

எவரிடமும் சொல்லாமல் நான் சுதந்திரத்தைப் பற்றி நான்கு செய்யுள்கள் இயற்றி வைத்திருந்தேன். உச்சியை அடைந்ததும் தொடங்கிவிட்டேன். அதுவும் நிகழ்ச்சியின் பகுதியே என்றெண்ணிக் கூட்டம் கைதட்டியது. முதற்செய்யுள் முடிந்தபோது கீழிருந்து டெட்லெஃபின் குரல் வந்தது.

"வாத்தியாரே, எறங்கு."

இரண்டாவது முடிந்தது.

"யோவ், தொடை நடுங்குதுய்யா! சுதந்திரத்தைத் தரையில நின்னு பாடு!"

மூன்றாவதும் முடிந்தது. நான்காவதன் நடுவில் ஓர் உணர்ச்சிக்குறி வருகிறது. அந்த இடத்தில் என் கால் தன்னையறியாமல் ஓங்கி மிதித்தது. பன்னிருவரும் சரிந்தோம். நான் டெட்லெஃபின்மேல் விழுந்ததால் எனக்கு அடி படவில்லை.

மருந்துக்கடை வைத்திருந்த யூர்கென்சென்தான் தலைமை நடுவர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"கவிதை பிரமாதம். கொடி மறைச்சதுல எங்களுக்கு ஒண்ணும் தெரியல. யாருப்பா மொதல்ல அசைஞ்சது?"

உண்மையைச் சொல்லவே நினைத்தேன். அதற்குப் பொருத்தமான வினைச்சொல்லைத் தேடிக்கொண்டிருக்கையில் டெட்லெஃப் முந்திக்கொண்டார்.

"என் கால்தான் வழுக்கிடுச்சு."

பதவி கார்ஸ்டன் என்பவருக்குப் போயிற்று. கழகத்தின் எழுத்தர் நானே. 'அடியில் நின்றவரின் கால் வழுக்கியதால் கோபுரம் சரிந்தது' என்று குறிப்பேட்டில் அழகிய கையெழுத்தில் பதிவு செய்தேன்.

மறுநாள் காலை, மூன்று பக்கங்களில் ஒப்புதல் வாக்குமூலம் எழுதிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். கட்டுப்போட்ட தோளுடன் அவர் இரும்பு வளையத்தைப் பீப்பாயில் இறக்கிக்கொண்டிருந்தார்.

"மூணு பக்கமா? மிதிச்சது ஒரு தடவதானே?"

"ஏன் பழிய நீ ஏத்துக்கிட்ட?"

"வியாழக்கிழம உன் வேலைய நீட்டிக்கிறதா வேண்டாமான்னு ஓட்டுப் போடுறாங்க. போடப்போறவனெல்லாம் நேத்து உனக்குக் கீழ நசுங்கினவன். நெசம் தெரிஞ்சா உன்னை வெச்சிருப்பானுங்களா?"

"வியாழன் முடிஞ்சதும் நானே சொல்லிடறேன்."

"சரி. இப்ப இந்த வளையத்த அமுக்கிப் பிடி. கவித எதுவும் சொல்லாம பிடி."

வியாழனன்று என் வேலை ஒருமனதாக நீட்டிக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை, நல்லதொரு தருணம் வரட்டும் என்றிருந்தேன். அடுத்த மாதம், பொதுக்குழு கூடட்டும் என்றிருந்தேன். இரண்டாண்டுகளில் கார்ஸ்டன் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார். புதிய தலைவருக்கு டெட்லெஃபின் பெயரை வீப்கேயின் தம்பி முன்மொழிந்தபோது, வழக்கப்படி, முன்மொழியப்பட்டவரைப் பற்றிக் குறிப்பேட்டில் உள்ளதை உரக்க வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். உச்சரிப்பில் ஒரு பிழையும் இல்லை. வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

டெட்லெஃப் பின்வரிசையில்தான் அமர்ந்திருந்தார். "வாத்தியாரே, அந்தப் பக்கத்தத் திருத்திப் படி" என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் திருத்தியிருப்பேன். அதன்பின் பதினேழு ஆண்டுகள் வாழ்ந்தார். எழுத்தராக நானும் அத்தனை ஆண்டுகள் இருந்தேன். அவர் கேட்கவேயில்லை.