மாத்திரையைக் குறைக்கச் சொன்னபோது

என் உடம்பில் வேலை செய்கிற கிட்னி என் மனைவியுடையது. அதை வைத்து எட்டாவது மாதம், வழக்கமாக எடுக்கும் ரத்தத்தில் வைரஸ் தெரிகிறது என்றார்கள். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. அரியமங்கலம் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தேன்.

"இது பல பேர் உடம்புல சும்மா தூங்குற வைரஸ்தான். புதுக் கிட்னிய உடம்பு ஏத்துக்கணும்னு எதிர்ப்புச் சக்திய மாத்திரையால அடக்கி வச்சிருக்கோம்ல, அதுல முழிச்சுக்கிச்சு. விட்டா கிட்னியக் கெடுத்துடும். மாத்திரையக் குறைச்சா உங்க உடம்பே அத அடக்கிடும்" என்றார் டாக்டரம்மா. காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு என்றிருந்தது, வேளைக்கு ஒன்றானது.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ஆபரேஷன் முடிந்த நாள் முதல் எல்லோரும் எனக்குப் போதித்த ஒரே பாடம், மாத்திரையில் விளையாடக் கூடாது என்பதுதான். குறைத்துவிட்டு, அவள் கொடுத்த கிட்னி நின்றுபோனால்? எண்ணெயைக் குறைத்தால் மெஷின் ஓடுமா? யாரிடமும் சொல்லாமல் பழையபடி இரண்டிரண்டாகவே விழுங்கினேன்.

ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தோம். டாக்டரம்மா இரண்டு தாள்களை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"வைரஸ் குறையல. ரத்தத்துல மருந்தோட அளவும் குறையல. ஒண்ணுதானே போடுறீங்க?"

"ரெண்டுங்க மேடம். பயமா இருந்துச்சு."

மனைவி என் பக்கம் திரும்பினாள். "அறுத்துக் குடுத்தது நானு. பயம் உங்களுக்கா?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இனிமே மாத்திரை டப்பா உங்ககிட்டயே இருக்கட்டும்மா."

அன்றிலிருந்து அவள் என் உள்ளங்கையில் ஒன்றை வைப்பாள். விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்வாள். அடுத்த மாதம் வைரஸ் பாதியானது. அதற்கடுத்த ரிசல்ட், ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் காவிரிப் பாலத்தின் மேல் போகும்போது போனில் வந்தது. பார்க்கத் தைரியமில்லாமல் அவளிடம் நீட்டினேன்.

"ஏங்க, வைரஸ் இல்லையாம்ங்க!"

முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்லாப் பாரு. வேற யாரோட ரத்தமாவது இருக்கப் போகுது."

"உங்க பேரு, உங்க வயசு. உள்ள ஓடுற கிட்னி என்னோடது. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

சிரித்துக்கொண்டே எங்கள் ஸ்டாப்புக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே எழுந்துவிட்டாள். கேசரிக்கு ரவை வாங்க வேண்டுமாம்.

"சர்க்கரை ஏறிடாதா?" என்று கேட்டபடியே நானும் பின்னால் இறங்கினேன்.