முக்கால் என்கிற என் வீட்டுக்காரர்

சிவப்பு அணி ரசிகர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, சங்கத்தின் மூத்த ரசிகரான என் கணவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். "நீங்க எழுதினாத்தான் அக்கா உயிரோட்டமா இருக்கும்" என்றார். எழுதுகிறேன். உயிரோட்டத்துக்குக் குறைவிருக்காது. ஆனால் நல்ல எண்ணத்தோடு எழுதுகிறேன் என்று மட்டும் யாரும் நினைத்துவிட வேண்டாம்.

அவர் லிப்ட் மெக்கானிக். கயிறு தேய்ந்திருக்கிறதா என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். வீட்டில் நான் கூப்பிட்டால் மட்டும் காது கேட்காது. வேலைக்குப் போக, எத்தனை துவைத்தாலும் கிரீஸ் கறை போகாத ஒரு நீலச் சட்டை. மற்ற நேரமெல்லாம் சிவப்புச் சட்டை. மூன்றாவது நிறத்தில் அவருக்குச் சட்டை கிடையாது.

லிப்ட் நடுவழியில் நின்றுவிட்டால், உள்ளே இருப்பவர்களுக்குப் பேச்சுக் கொடுத்துப் பயத்தைப் போக்குவார். பேச்சு என்றால் ஃபுட்பால்தான். ஒருமுறை ஓர் அலுவலகக் கட்டடத்தில் பச்சை அணியின் பொருளாளர் இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார். இவர் கதவிடுக்கில் வாயை வைத்து, "அன்னைக்கு ஃபைனல்ல உங்களுக்குக் கொடுத்தாங்களே, அது பெனால்ட்டியா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமா" என்று உள்ளிருந்து பதில். "அப்ப கொஞ்சம் நேரமாகும் சார்." "ஐயோ, இல்லைங்க, பெனால்ட்டியே இல்லைங்க" என்று குரல் வந்த பிறகுதான் லிப்ட் நகர்ந்தது. கம்பெனி மெமோ கொடுத்தது. அதை ஏதோ விருது மாதிரி சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார்.

என் அண்ணன் பச்சை அணி. இரண்டு தெரு தள்ளி மருந்துக்கடை வைத்திருக்கிறான். இவரை எனக்குப் பார்த்து முடித்தவனே அவன்தான். எதிரியை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் சீண்ட வசதி என்று கணக்குப் போட்டானோ என்னவோ. சிவப்பு தோற்ற மறுநாள் இவருக்குத் தலைவலி வரும், மாத்திரைக்கு அவன் கடைக்குத்தான் போகவேண்டும். அவன் வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே அட்டையைக் கத்தரித்து, "மாப்ளைக்கு முக்கால் அட்டை போதும்" என்று நீட்டுவான். கடை முழுக்கச் சிரிப்பு.

ஏன் முக்கால்? அதைத்தான் சொல்ல வந்தேன்.

சிவப்பும் பச்சையும் கோப்பைக்காக நேருக்கு நேர் மோதியது ஒரே ஒருமுறைதான். அன்று இருவரும் ஆளுக்கொரு பக்கமாக மைதானத்தில் இருந்தார்கள். நான் நிறைமாதம். நாள் இன்னும் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் இவர் தைரியமாகக் கிளம்பிப் போய்விட்டார். மதியமே எனக்கு வலி எடுத்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காதான் என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மைதானத்துக்கு ஆள் அனுப்பி, மைக்கில் இவரைக் கூப்பிடவும் வைத்தாள். அப்போது ஆட்டம் முக்கால்வாசி முடிந்திருந்தது. சிவப்பு ஒரு கோல் முன்னிலை.

பொழுது சாய்கிற நேரத்தில் இவர் வந்து சேர்ந்தார். மகள் பிறந்து என் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். இவருக்குக் கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது. "மைக்ல சொன்னாங்க. அப்படியே எழுந்து ஓடி வந்துட்டேன். ஒரு வண்டி கிடைக்கல, நடந்தே வந்தேன்" என்றார். பிறகு மகள் முகத்தைப் பார்த்தார். பொலபொலவென்று அழுதார். கல்யாணமாகி அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன். என் தலைமாட்டில் நின்ற தையல்கார அக்காவும் அழுதாள். சிவப்பு கடைசி நேரத்தில் இரண்டு கோல் வாங்கித் தோற்றது என்பதே மறுநாள்தான் எனக்குத் தெரியும். அண்ணனும் மறுநாள்தான் வந்தான். பச்சைப் பக்கம் ஸ்பீக்கர் வேலை செய்யவில்லையாம்.

அந்த வாரமே அவன் ஆரம்பித்துவிட்டான். "மாப்ளை முக்கால் ஆட்டத்துலயே எழுந்து போயிட்டாரு. என் கண்ணால பார்த்தேன்." ரசிகனுக்கு அதைவிட மானக்கேடு இல்லையாம். தோற்பது சகஜம், விசில் ஊதுவதற்குள் எழுந்து போகிறவன்தான் துரோகியாம். பெயர் ஒட்டிக்கொண்டது. தெருவில் முக்கால், வேலையில் முக்கால். மகளுக்கு வரன் பேச வந்த இடத்தில் ஒரு பெரியம்மா என்னைத் தனியாக அழைத்துப்போய், "சம்பந்திக்குக் கால்ல ஏதாவது குறையா?" என்று கேட்டாள்.

இவர் கொதித்துப்போவார். "கடைசி விசில் வரைக்கும் நின்னேன்டா, எவனையும் கேளு" என்று டீக்கடையில் கத்துவது எங்கள் வாசல்வரை கேட்கும். எனக்குச் சிரிப்பு வரும். ஆம்பிளை வீம்பு, பெண்டாட்டிக்காக ஓடி வந்ததை ஒத்துக்கொள்ள வெட்கம் என்று நினைத்துக்கொள்வேன். முன்னிலையில் இருந்த ஆட்டத்தை எனக்காக விட்டுவிட்டு வந்த மனிதர். அந்தப் பெயரை மற்றவர்கள் கேலியாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் பெருமை. அவரோடு கோபித்துக்கொண்டு பெட்டியைக் கட்டிய நாட்களும் உண்டு. அப்போதெல்லாம் அந்த வீங்கிய கண்களை நினைத்துக்கொண்டு பெட்டியைப் பிரித்திருக்கிறேன். இதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம். அவர் கொஞ்சம் உஷாராக இருந்திருப்பார்.

அவருக்குப் பழைய படச்சுருள் சேர்க்கிற பைத்தியம் பிடித்ததும் இதிலிருந்துதான். அன்றைய ஆட்டத்தை யாரோ படம் பிடித்தார்கள் என்று காதில் விழுந்ததும், அதைக் கண்டுபிடித்து அண்ணன் முகத்தில் அடித்தாற்போல் போட்டுக் காட்டுவதே வாழ்க்கையின் லட்சியம் ஆகிவிட்டது. மூடிப்போன தியேட்டர்கள், பழைய இரும்புக்கடைகள், போட்டோ ஸ்டூடியோக்களின் பரண்கள் என்று ஒன்றை விடவில்லை. மைதானம் ஒரு நொடி வந்தாலும் போதும், அந்தச் சினிமாவை வாங்கிவிடுவார். கதாநாயகி உயிரை விடும் கட்டத்தில் நிறுத்தி, "பின்னாடி தெரியுது பாரு, கிழக்கு கேலரி" என்பார். கட்டிலுக்கடியில், பீரோவில், மகளின் புத்தக அலமாரியில் எல்லாம் தகர டப்பாக்கள். கெட்டுப்போன ஃபிலிமிலிருந்து வினிகர் மாதிரி காடி வாடை வரும். அந்த வாடையோடுதான் என் மகள் படித்துப் பாஸானாள். நல்லது ஒன்று உண்டு. உலகத்தின் பழைய ஆட்டங்களில் பாதி இன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. பார்க்க வருகிறவர்களுக்கு ஒவ்வொரு கோலையும் கைதட்டிச் சொல்வார், குழந்தை மாதிரி முகம் மலரும். அதையும் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும்.

போன வருஷம் பல் டாக்டர் ஒருவர் இறந்துபோனார், பச்சை அணிக்காரர். அவர் பிள்ளைகள் வீட்டைக் காலிசெய்து சாமான்களை இரும்புக்கடையில் போட்டார்கள். இரும்புக்கடைக்காரர் இவரைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒரு டப்பா, மேலே அந்த ஃபைனலின் தேதி. இவர் அதை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஓட்டிப் பார்த்தார். வெளியே வந்தபோது பத்து வயசு குறைந்திருந்தது. "செத்தான் உங்க அண்ணன்" என்றார்.

நாளும் குறித்தார். ஃபைனல் நடந்த அதே தேதி. அது மகளின் பிறந்தநாள் என்பது எனக்கு நினைவிருந்தது, அவருக்கு அது ஃபைனல் நடந்த தேதி மட்டும்தான். மகள், மருமகன், அண்ணன், அண்ணி, தையல்கார அக்கா, தெருவில் முக்கால் என்று கூப்பிடுகிற அத்தனை பேரையும் அழைத்தார். கேக் வெட்டியதும் ஹாலில் வெள்ளைத் துணி கட்டினார். டப்பாவின் மேல் எழுதியிருந்ததைப் பார்த்தவுடனே அண்ணனின் முகம் வெளுத்தது.

"மாப்ளே, வேண்டாம். பிறந்தநாளும் அதுவுமா இதெல்லாம் எதுக்கு?"

"பயமா மச்சான்?"

"சொன்னாக் கேளு. நான் வேணும்னா எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்கிறேன். முக்கால் இல்லை, போதுமா? நிறுத்து."

"முப்பது வருஷம் கேலி பண்ணினேல்ல? இப்ப உட்கார்ந்து பாரு."

எனக்கும் குஷியாகத்தான் இருந்தது. அண்ணன் நெளிந்து நான் பார்த்ததே கிடையாது. ஸ்விட்சைப் போட்டவளே நான்தான்.

சத்தமில்லாத படம். பெனால்ட்டி உள்ளே போகிறது. நடுவர் விசிலை வாயில் வைத்துக் கையை உயர்த்துகிறார். பச்சைக்காரர்கள் துள்ளுகிறார்கள். கேமரா மெதுவாகச் சிவப்புப் பக்கம் திரும்புகிறது. படிகள் காலி. நடுவில் ஒரே ஓர் ஆள், சிவப்புச் சட்டை, தலையில் கை. உட்காருகிறார். தோள் குலுங்கக் குலுங்க அழுகிறார். அப்போது இன்னொருவன் வேலியைத் தாண்டிக் குதித்து வந்து, பச்சைக் கொடியை அவர் கழுத்தில் சுற்றி, முகத்துக்கு நேராக ஆடுகிறான். என் அண்ணன். ஆடி முடித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து இவருக்கு ஒரு சிகரெட் கொடுக்கிறான். இருவரும் புகை விடுகிறார்கள். அவசரமே இல்லை.

"பார்த்தீங்களா!" என்று இவர் துள்ளிக் குதித்தார். "கடைசி விசில்! கடைசி ஆள்! யாருடா முக்கால்? இப்ப சொல்லுங்கடா!"

தெருக்காரர்கள் கைதட்டினார்கள். விசில்கூட அடித்தார்கள். அந்தச் சத்தம் அடங்கியதும் தையல்கார அக்கா வெகுளியாகக் கேட்டாள்.

"அப்ப நான் ஆள் அனுப்பி மைக்ல சொல்ல வச்சேனே தம்பி, அது எப்போ?"

என் மகள் அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். நான் அந்த அறையில் இருக்கிறேன் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யை அவர் அன்றே மறந்திருக்கிறார். வாங்கிக்கொண்ட நான்தான் முப்பது வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்தேன். திரையில் அழுத முகமும், என் கட்டிலருகே அழுத முகமும் ஒன்றுதான். அழுகையும் ஒன்றுதான். மைதானத்தில் ஆரம்பித்ததை என்னிடம் வந்து முடித்திருக்கிறார். மகள் பிறந்ததற்கு ஒரு சொட்டு இல்லை. எல்லாம் அந்தப் பெனால்ட்டிக்கு.

அண்ணனிடம் திரும்பினேன். "நீ பார்த்தேன்னு சொன்னியே?"

அவன் கேக் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அன்னைக்கே மைதானத்துல அவன்தான்மா கெஞ்சினான். 'முக்கால் ஆட்டத்துலயே நான் போயிட்டேன்னு உன் தங்கச்சிகிட்ட சொல்லு மச்சான்'னு. சொன்னேன். கொஞ்சம் சத்தமா சொல்லிட்டேன்."

"ஸ்பீக்கர் வேலை செய்யலன்னியே?"

அவன் இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டான். அன்றோடு அவன் கடையில் மருந்து வாங்குவதை நிறுத்திவிட்டேன். என் பிரஷர் மாத்திரையை எதிர்க்கடையில் வாங்குகிறேன், அவன் கண்ணில் படும்படி.

மறுநாள் காலையில் இவர் காப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஜெயிச்சிட்டிருந்தாங்க. இதோ முடிஞ்சிடும், கிளம்பிடலாம்னு நினைச்சேன். பழைய கதைதானே" என்றார்.

"பழைய கதைதான். அந்தச் சுருளை எரிச்சிடுங்க. நானும் மறந்துடறேன். பெத்த மகமேல சத்தியம்."

டப்பாவையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சுருளைப் பிரித்தார். வெயிலுக்கு நேராகப் பிடித்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். ஒரு குச்சியை உரசினார், அது விரல்வரை எரிந்து அணைந்தது. ரொம்ப நேரம் நின்றார். பிறகு சுருளை மறுபடி பதமாகச் சுற்றி உள்ளே வைத்து, டப்பாவோடு திரும்பி வந்தார்.

"இதுல முதல் பாதியில நம்ம கேப்டன் போட்ட கோல் இருக்கு" என்றார். "வேற எங்கயும் பிரதி இல்லம்மா."

மைக்கில் கூப்பிட்ட அன்றைக்கும் இதே கேள்விதான், ஆட்டமா நானா என்று. இதே பதில்தான். வித்தியாசம் என்னவென்றால், இந்தமுறை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, அலமாரியிலேயே வைங்க" என்றேன்.

புரொஜெக்டரை ஓட்ட நானே கற்றுக்கொண்டுவிட்டேன். வீட்டுக்கு வருகிற ஒருவரையும் விடுவதில்லை. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், மருமகனின் அலுவலக நண்பர்கள், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் எல்லாருக்கும் போட்டுக் காட்டுகிறேன். "இந்த நிமிஷம் நான் பிரசவ அறையில், இதோ இவர் சிகரெட் பிடிக்கிறார்" என்று குச்சியால் தொட்டு விளக்குகிறேன். இவர் சமையலறைக்குள் போய் இல்லாத பாத்திரத்தைத் தேய்ப்பார். தீப்பெட்டியை டப்பாவின் மேலேயே வைத்திருக்கிறேன், நான் சொன்ன வார்த்தையும் இன்னும் செல்லும். அவர் தினமும் காலையில் தீப்பெட்டியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, டப்பாவை மட்டும் துடைக்கிறார். மாடியில் புதிதாகக் குடிவந்தவர்களை இன்று சாயங்காலம் காப்பிக்குக் கூப்பிட்டிருக்கிறேன். துணி கட்டியாகிவிட்டது.