ஒற்றைக்கொம்பு

ஸ்ரீவைகுண்டத்தில் அந்தப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வழி கேட்டால், "ஓலை அவிக்குத பள்ளிக்கூடமா?" என்று ஊரார் திருப்பிக் கேட்பார்கள். 1912-ல் அதற்கு அப்படித்தான் பெயர். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவள் சொர்ணாம்பாள். வயது இருபத்தேழு. பன்னிரண்டில் தாலியறுத்தவள். நெற்றியில் திருநீறு, வெள்ளைச் சேலை, விரலெல்லாம் கரி. பிள்ளைகளுக்கு அவள் வாத்தியாரம்மா. அவளுக்கென்று ஒரு பெயர் இருப்பதே அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

ஓலை விவகாரம் சண்முகசுந்தரி என்கிற மாணவியால் வந்தது. பாடப்புத்தகம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அந்தப் பெருமையில் அவள் தகப்பனார் ஆவுடைநாயகம் பிள்ளை பரணில் கிடந்த ஏட்டுச்சுவடியை இறக்கிக் கொடுத்து, "படி, கேப்போம்" என்றிருக்கிறார். பிள்ளை ஒரு வரிகூடப் படிக்க முடியாமல் விழித்திருக்கிறது. மறுநாள் காலையில் மனுஷர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றுவிட்டார்.

"மூணு வருசமா என்னத்த சொல்லிக் கொடுத்திய? எங்க முப்பாட்டன் தமிழ எம்பிள்ள படிக்க மாட்டேங்கா. அவரு என்ன துலுக்கப் பாசையிலயா எழுதி வச்சிருக்காரு?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த வாரமே சொர்ணாம்பாள் இசக்கியிடம் பனங்குருத்தோலை கொண்டுவரச் சொன்னாள். இசக்கி, அணைக்கட்டுப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவளின் மகள். வயது பத்து, வாய்க்கு மட்டும் நாற்பது.

ஓலை வந்தது. ஈர்க்கை உரித்து, அளவாக நறுக்கி, மஞ்சள் போட்ட தண்ணீரில் அவித்து, நிழலில் உலர்த்தி, சங்கால் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். பள்ளிக்கூடத்துக் கொல்லையில் அடுப்புப் புகைந்தது. "படிக்க அனுப்பினா அவிக்கச் சொல்லுதா. நெல்ல அவிச்சாலாவது சோறாகும்" என்றார் அதே ஆவுடைநாயகம் பிள்ளை. சில பேரைத் திருப்திப்படுத்த ஆண்டவனாலும் ஆகாது.

பிறகு எழுத்தாணி. முதல் நாள் பதினொரு பிள்ளைகளும் ஆளுக்கொரு ஓலையைக் கிழித்தார்கள். கிழியட்டும் என்றுதான் சொர்ணாம்பாளும் விட்டாள். எங்கே கிழிந்தது என்று பார்க்கச் சொன்னாள். புள்ளி வைத்த இடத்தில் எல்லாம் பொத்துக்கொண்டிருந்தது.

"அதனாலதான் பழைய ஆளுக புள்ளி வைக்க மாட்டாக. 'கண்'ணும் 'கண'வும் ஓலையில ஒண்ணுதான். இன்னொண்ணும் கேளுங்க. நமக்குக் 'கெ'வுக்கு ஒற்றைக்கொம்பு, 'கே'வுக்கு இரட்டைக்கொம்பு. ஓலையில இரண்டுக்கும் ஒற்றைக்கொம்புதான். குறிலா நெடிலாண்ணு எழுத்து சொல்லாது. இடம் பார்த்துப் படிக்கணும்."

சொன்னால் ஏறாதது விளையாடினால் ஏறியது. ஒருத்தி புள்ளியில்லாமல் ஒரு சொல் எழுத வேண்டும். மற்றவள் படிக்க வேண்டும். ஒருத்தி 'கோடு' என்று எழுத, அடுத்தவள் 'கொடு' என்று படித்துக் கையை நீட்டுவாள். 'பெய் மழை' என்று எழுதியதை 'பேய் மழை' என்று படித்து அலறுவாள் இன்னொருத்தி. கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரிய, கோவையிலைச் சாறும் விளக்குக் கரியும் குழைத்துத் தடவித் துடைக்க வேண்டும். அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தாள்: ஓலையை இரண்டு பக்கமும் கரி தடவிப் பார்க்காமல் யாரும் படித்துவிட்டேன் என்று சொல்லக் கூடாது.

இத்தனையும் சொல்லிக் கொடுத்தவளுடைய எழுத்தாணிப் பெட்டியில் ஒரு ஓலை பன்னிரண்டு வருஷமாகக் கிடந்தது. அதை அவள் சொல்லிக் கொடுத்தபடி ஒருநாளும் படித்ததில்லை.

அவள் அப்பா சிவசைலம் பிள்ளை. ஊர் பத்தமடை. அவர் வாயிலிருந்து ஒரு சொல் வாங்குவதற்குள் தாமிரபரணி கடலுக்கே போய்ச் சேர்ந்துவிடும். கார்டும் கவரும் வந்த பிறகும் ஓலையை விடாத மனுஷர். தாயில்லாத மகள், தாலியும் இல்லாத மகள், பதினைந்து வயதில் ஒருநாள் சாயங்காலம் அவர் முன்னால் வந்து நின்று கேட்டாள்:

"அப்பா, பாளையங்கோட்டையில வெள்ளக்கார அம்மாமாரு நடத்துத பள்ளிக்கூடத்துல வாத்தியாருக்குப் படிக்கலாமாம். நான் போகட்டுமா?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். மாட்டேன் என்பதற்கு அந்த வீட்டில் அதுதான் வழக்கம் என்று அவள் நினைத்தாள்.

விடியக் கருக்கலில் பின்வாசல் வழியாகக் கிளம்பினாள். கிணற்றடியில் வாழையிலையில் கட்டிய சோற்றுப்பொட்டலம் ஒன்று இருந்தது. பாலம்மாள் அத்தைதான் வைத்திருக்க வேண்டும். அப்பாவின் தங்கை, அந்த வீட்டு அடுப்படியே அவள் கையில்தான். கால்வாய்க் கரையில் ஒரு மருத மரத்தடியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள். புளிச்சோறு. ஒரே உப்பு, வாயில் வைக்க முடியவில்லை. அத்தை அழுதுகொண்டே பிசைந்திருப்பாள், அதில் அளவு தப்பிவிட்டது என்று எண்ணி, ஒரு பருக்கை விடாமல் தின்று தீர்த்தாள்.

எட்டாம் நாள் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்துக்கே வள்ளியூரிலிருந்து அவளுடைய பெரியப்பா குற்றாலலிங்கம் பிள்ளை ஆள் விட்டு ஓர் ஓலையைக் கொடுத்தனுப்பினார். "உங்க அப்பனே எனக்கு எழுதிட்டான். கண்ணால பாத்துக்கோ. இனி நீ எங்களுக்கு இல்ல" என்பது வந்தவன் ஒப்பித்த சேதி. ஓலையின் ஒரு பக்கம் கரி தடவியிருந்தது. அப்பாவின் கையெழுத்து.

சொரணமகெடடுபபொனாளஇனிததெடவெணடாம

அச்சுப் புத்தகத்தில் படித்த கண் அவளுடையது. வேறு வழியில்லாத இடம் தவிர, ஒற்றைக்கொம்பு என்றால் அதற்குக் குறில்தான். 'சொர்ணம் கெட்டுப் போனாள். இனித் தேட வேண்டாம்.'

கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டாள், ஓடிப்போய்விட்டாள் என்று ஊர் ஆயிரம் சொல்லும், சொல்லட்டும். அப்பா சொல்லலாமா? அதுவும் எழுத்தில்! அன்றைக்குப் பெட்டியில் போட்டதுதான். எழுத்தாணி எடுக்கும்போதுகூட அந்த ஓலையை அவள் புரட்டிப் பார்க்கவில்லை. மனப்பாடமானதை யார் மறுபடி எடுத்துப் படிக்கிறார்கள்? பிற்பாடு ஓலை படிக்கிற முறையெல்லாம் கற்றுத் தேர்ந்தாள். ஊரார் வீட்டு ஓலைகளை எல்லாம் முறைப்படி படித்தாள். தன் ஓலையை மட்டும் பதினைந்து வயதுக் கண்ணோடேயே வைத்துக்கொண்டாள்.

மூன்று வருஷம் கழித்து, திருநெல்வேலி ஆனித் தேரோட்டத்தில் அப்பாவைப் பார்த்தாள். வடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர் இவளைக் கண்டதும் வடத்தை விட்டுவிட்டுக் கையைத் தூக்கினார். இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்துவிட்டாள். 'சொர்ணம்' என்று ஒரு குரல் கேட்டது மாதிரி இருந்தது. அந்த இரைச்சலில் யார் யாரையோ கூப்பிட்டிருக்கலாம். அதற்கும் இரண்டு வருஷம் கழித்து, சிவசைலம் பிள்ளை வாந்திபேதியில் போய்விட்டார் என்று கார்டு வந்தது. அவள் போகவில்லை. அன்றைக்கும் வகுப்பு எடுத்தாள். பாலம்மாள் அத்தைக்கு மட்டும் வருஷா வருஷம் ஐப்பசியில் ஒரு சேலை போகும், அந்தக் கட்டுச்சோற்றுக்காக. எழுதப் படிக்கத் தெரியாத அத்தையிடமிருந்து பதில் எதுவும் வந்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் ஓலை அவித்த வருஷம், ஆவணியில் ஒரு வியாழக்கிழமை. வகுப்பில் ஒரு எழுத்தாணியின் முனை மழுங்கிவிட்டது. "ஏட்டி இசக்கி, என் பெட்டியில வேற ஒண்ணு இருக்கும், எடுத்தா" என்று அனுப்பினாள். போன பிள்ளை வரவே காணோம். வந்தபோது அவள் கையில் எழுத்தாணியோடு ஒரு ஓலையும் இருந்தது. மூக்கு வரைக்கும் கரி.

"வாத்தியாரம்மா, எவளோ ஒரு பக்கந்தான் கரி தடவிட்டுப் போட்டிருக்கா. நான் மத்தப் பக்கமும் தடவிட்டேன். படிச்சும் பாத்துட்டேன்."

சொர்ணாம்பாளுக்கு அது எந்த ஓலை என்று தெரிந்துவிட்டது. அவள் எழுந்து வருவதற்குள் இசக்கி வகுப்புக்கு நடுவில் நின்று, தலையை ஆட்டி ஆட்டிப் படிக்கத் தொடங்கிவிட்டாள்.

"சொர்ணம் கேட்டுப் போனாள். இனித் தேட வேண்டாம்."

"தப்பு" என்றாள் சொர்ணாம்பாள். "கேட்டு இல்லட்டி. கெட்டு. கெட்டுப் போனாள்."

இசக்கி ஓலையைப் பார்த்தாள். வாத்தியாரம்மாவைப் பார்த்தாள். விட்டுக்கொடுக்கிற சாதி இல்லை அவள்.

"நீயதான சொன்னிய, இடம் பாத்துப் படிக்கணும்னு? பின்னால என்ன எழுதியிருக்குன்னு கேளுங்க. 'கிணற்றடியில் கட்டுச்சோறு வைத்தேன். எடுத்துப் போனாள்.' கெட்டுப் போனவளுக்கு யாராவது கட்டுச்சோறு வைப்பாவளா? அந்தப் பிள்ள எழுதுனவருகிட்டக் கேட்டிருக்கும்மா. கேட்டுட்டுத்தான் போயிருக்கு. அதான் தேட வேண்டாங்காரு."

பிள்ளைகள் எல்லாரும் "ஆமா, கேட்டுதான்" என்றார்கள். சண்முகசுந்தரி கை தட்டினாள்.

சொர்ணாம்பாள் ஓலையை வாங்கினாள். பின்பக்கத்து ஓரத்தில், பொடிப் பொடி எழுத்தில், புதுக் கரி மின்ன அந்த வரி இருந்தது. பெரியப்பா அதைப் பார்க்காமல் விட்டாரோ, முன்பக்கத்தை வேண்டுமென்றே அப்படிப் படித்தாரோ, யார் கண்டது. ஆனால் அவளும்தானே பார்க்கவில்லை? பன்னிரண்டு வருஷம் அது அவள் பெட்டிக்குள்தானே இருந்தது?

தேட வேண்டாம், என்னிடம் கேட்டுத்தான் போனாள் என்று அண்ணனுக்கு எழுதி, பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார் மனுஷர். இருட்டுக்குள் எங்கேயோ நின்று, அவள் பொட்டலத்தை எடுக்கிற வரைக்கும் பார்த்திருக்கிறார். தேரோட்டத்தில் தூக்கிய கை, வா என்று கூப்பிட்ட கை. அத்தை அன்றைக்கு அழவும் இல்லை, பிசையவும் இல்லை. அப்பா அடுப்படிப் பக்கமே போகாதவர். புளிச்சோற்றுக்கு உப்பு எவ்வளவு என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"உப்பு" என்றாள் சொர்ணாம்பாள். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். பிள்ளைகள் அரண்டு போனார்கள். இசக்கிக்குத் தான் ஓலையைக் கெடுத்துவிட்டோம் என்று பயம் வந்துவிட்டது.

"அழாதிய அம்மா. நான் பைய துடைச்சுத் தாரேன். கரி போயிரும்."

"துடைக்காதட்டி. இன்னொரு தடவை படி."

இசக்கி படித்தாள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று மணி அடிக்கிற வரைக்கும் படிக்க வைத்தாள். சொர்ணம் என்பது யார் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை.

எல்லாரும் போன பிறகு, பிள்ளைகள் பதப்படுத்திய ஓலை ஒன்றை எடுத்து மடியில் வைத்து, எழுத்தாணியால் பதில் எழுதினாள். 'அப்பா, கேட்டுத்தான் போனேன்.' கீறி முடித்துக் கரியும் தடவிப் பார்த்தாள். புள்ளி இல்லை, ஒற்றைக்கொம்புதான். கெட்டுத்தான் போனேன் என்றும் அதைப் படிக்கலாம். தப்பில்லாமல் படிக்கக்கூடியவர் ஒருவர் இருந்தார். அவர் போய் ஏழு வருஷம் ஆகிவிட்டது.