அருவிக்குப் போன அன்னைக்கி நான் சொல்லாம விட்ட சேதி

நான் ஒரு காலத்துல பள்ளிக்கூடத்துல வேல பாத்தேன்னு சொன்னா எங்க வீட்டுல எல்லாரும் சிரிக்காவ. "கைநாட்டு வைக்குத ஆளு, பள்ளிக்கூடத்துல என்னத்தப் பாத்த?"ங்காவ. ஏ, பள்ளிக்கூடம்னா எழுத்து மட்டுந்தானா? மூக்குத் தொடச்சு விட ஆளு வேண்டாமா? நான் சொல்லச் சொல்ல எம் பேரன் பொண்டாட்டி எழுதிக்கிட்டு வாரா. "பையச் சொல்லுங்க, கை வலிக்கி"ங்கா. வலிக்கட்டும், எனக்கு வாய் வலிக்கலியே.

அப்ப வெள்ளக்காரன் இருந்த காலம். தென்காசியில பெரிய வீடுன்னு நாங்க சொல்லுத வீட்டுக்குப் பின்னால, நெல்லு கொட்டி வைக்க நீள அறை ஒண்ணு இருந்துச்சு. அவிய வேற அறை கட்டுனதும் அது சும்மா கெடந்துச்சு. பாளையங்கோட்டையில படிச்சிட்டு வந்த ஒரு டீச்சரம்மா, அந்த அறையில சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்கணும்னு பெரிய வீட்டு ஆச்சிகிட்ட கேட்டாவ. மூணு வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் உள்ள பிள்ளையளுக்கு. ஊரே வாயப் பொளந்துச்சு. பேசவே வராத பிள்ளைக்கிப் பள்ளிக்கூடமா?

ஆச்சி அறையக் குடுத்தாவ. கூடவே ஒரு சொல்லும் குடுத்தாவ. "டீச்சர், எம் பேரனும் வருவான். எந்தப் பிள்ள மேலயாவது ஒரு கீறல் விழுந்துச்சு, அன்னைக்கே பூட்டிருவேன். பெறகு நெல்லுதான் அங்கன படிக்கும்."

பதினாலு பிள்ளைய சேந்துட்டு. டீச்சரம்மாவால ஒத்தையில சமாளிக்க முடியலை. நடுகைக்கும் களையெடுப்புக்கும் போய்க்கிட்டிருந்த என்னயக் கூப்பிட்டாவ. "உங்க மவளையும் கூட்டிட்டு வாங்க, அவளும் உக்காந்து படிக்கட்டும்"னாவ. அந்த ஒரு பேச்சுலதான் நான் விழுந்துட்டேன். எம் மவளுக்கு அப்ப மூணரை. எங்க தெருவுல பொம்பளப் பிள்ள யாரும் சிலேட்டத் தொட்டது கெடையாது. எனக்கு வந்த கடுதாசியத் தபால்காரரு தெருவுக்கே கேக்கும்படி வாசிப்பாரு, நான் முழிச்சுக்கிட்டு நிப்பேன். இவளாவது இவ கடுதாசிய இவளே படிக்கட்டும்னு ஆசை. அந்த அறை தெறந்திருக்குத வரைக்குந்தான் அவளுக்குப் படிப்பு. அது எனக்கு நல்லாத் தெரியும்.

காலையில வீடு வீடாப் போயி பிள்ளையளக் கூட்டிட்டு வரணும், சாயந்தரம் கொண்டு விடணும். விடும்போது டீச்சரம்மா சொன்ன சேதியச் சொல்லணும். மொதல்ல சீட்டுலதான் எழுதிக் குடுத்து விட்டாவ. எந்த ஆத்தாளுக்கு வாசிக்கத் தெரியும்? ஒரு வீட்டுல அத வச்சு அடுப்புப் பத்த வச்சாவ. இன்னொரு வீட்டுல சாமி படத்துக்குப் பின்னால பத்திரமாச் செருகி வச்சு, பூவும் வச்சாவ. அதுக்குப் பெறகு நாந்தான் சீட்டு. ஒரு விரல் கணுவுக்கு ஒரு சேதின்னு எண்ணிக்கிட்டே நடப்பேன்.

என்னென்ன சேதிங்கிய! காச்சல் அடிச்சா வீட்டுலயே வச்சிருங்க. மாத்துத் துணி ஒண்ணு குடுத்து விடுங்க. கழுத்துல காதுல நகை போட்டு அனுப்பாதீங்க. தின்ன வறுத்த கடலை வேண்டாம், சின்னதுக தொண்டையில அடச்சிரும், அவிச்ச பயறு குடுங்க. நடுவுல கூப்பிட வேற ஆளு வாரதுன்னா முன்னாடியே சொல்லிருங்க, தெரியாத ஆளுகிட்ட பிள்ளைய விடமாட்டோம். எல்லாத்துக்கும் மேல ஒண்ணு: கூடவே வந்தாலும் பிள்ளைய விட்டதும் போயிருங்க, நின்னு எட்டிப் பாக்காதீங்க.

அதத்தான் ஒருத்தியும் கேக்கலை. வைக்கப்படப்புக்குப் பின்னால எப்பவும் மூணு நாலு பேரு ஒளிஞ்சு நிப்பாவ. உள்ள பிள்ள அழுதா வெளிய ஆத்தா அழுவா. ஆத்தா சத்தம் கேட்டுப் பிள்ள இன்னும் ஒசக்க அழும். "பிள்ளையள நான் பாத்துக்கிடுதேன், நீங்க போயி ஆத்தாமாரச் சமாளிங்க"ம்பாவ டீச்சரம்மா. ஒரு மதினி புல்லுக்கட்ட எறக்காமலே சன்னல் வழியா எட்டிப் பாத்தா. ஆளு தெரியலை, புல்லுதான் உள்ள வந்துச்சு. பிள்ளையெல்லாம் "மாட்டுக்குப் போடுங்க, மாட்டுக்குப் போடுங்க"ன்னு குதிக்கி. அன்னைக்கிப் பாடமே நடக்கலை.

டீச்சரம்மா சொன்னத அப்படியே சொல்லுத ஆளும் இல்ல நான். ஒரு வாட்டி, "வெள்ளிக்கெழம நகத்த வெட்டி விடச் சொல்லுங்க"ன்னாவ. வெள்ளிக்கெழம எவ நகம் வெட்டுவா? நானே வியாழக்கெழமைன்னு மாத்திச் சொன்னேன். அத்தன பிள்ளையும் வெட்டிட்டு வந்துச்சு. "பரவாயில்லியே, சொன்னதக் கேக்காவளே"ன்னு டீச்சரம்மாவுக்குப் பூரிப்பு. எனக்கோ தலைக்கனம் ஏறிட்டு.

ஆனி மாசம் சாரல் பிடிச்சுது. "வார சனிக்கெழம பிள்ளையளக் குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போவோம்"னாவ டீச்சரம்மா. பெரிய அருவிக்கு இல்ல, சித்தருவிக்கு. தண்ணி அங்கன பையத்தான் விழும். ஆச்சி ரெண்டு வண்டி தாரேன்னாவ, நானும் வாரேன்னுட்டாவ.

டீச்சரம்மா எனக்கு நாலு சேதி சொன்னாவ. இட்லி குடுத்து விடணும். துண்டும் மாத்துத் துணியும் வேணும். வெள்ளி அரைஞாணக் கழத்தி வச்சிரணும். நாலாவதா, "அன்னைக்கி ஒரு பிள்ளைக்கும் எண்ணெய் தேய்க்கக் கூடாது. பாறையில கையப் பிடிச்சு நிப்பாட்ட முடியாது, வழுக்கிரும். இத மறந்துராதீங்க"ன்னாவ.

நான் மறக்கலை. அதான் விசயமே. குத்தாலத்துக்கு எண்ணெய் தேய்க்காம எவனாவது போவானா? சனிக்கெழம ஆம்பளப் பிள்ளைக்கி எண்ணெய் நாளு. பொம்பளப் பிள்ளைக்கி வெள்ளி, ஆனா அருவின்னா அவளுக்கும் உண்டு. எங்க பக்கம் வெறுந்தலையில தண்ணி ஊத்துனா அது சாவு விழுந்த துட்டி வீட்டுக் குளி. பெரிய வீட்டு வாசல்ல போயி நின்னுக்கிட்டு, ஒத்தப் பேரன எண்ணெய் வைக்காம அனுப்புங்கன்னு நான் சொல்லவா? டீச்சரம்மா சின்ன வயசு, தெரியாம சொல்லுதாவன்னு நெனச்சேன். மூணு கணுவச் சொல்லிட்டு நாலாவதத் தாண்டிட்டேன். எம் மவளுக்கு நானே உச்சியில இருந்து உள்ளங்கால் வரைக்கும் நல்லெண்ணெய ஊத்தித் தேச்சு விட்டேன்.

சனிக்கெழம காலையில பிள்ளையள வண்டியில ஏத்துதேன், எல்லாம் தேச்சு வச்ச குத்துவிளக்கு மாதிரி மினுங்குது. காதுக்குள்ள எண்ணெய், தொப்புளுக்குள்ள எண்ணெய். டீச்சரம்மா முன் வண்டியில ஆச்சி கூட இருந்தாவ. சாரல்னு பிள்ளையெல்லாம் துண்டப் போத்திக்கிட்டு இருந்ததுனால அவியளுக்கு ஒண்ணும் தெரியலை.

அருவிகிட்ட போயி துண்ட எடுத்ததுந்தான் தெரிஞ்சுது. டீச்சரம்மா என்னயப் பாத்தாவ. நான் அருவியப் பாத்தேன்.

ஒரு வார்த்த பேச நேரம் இல்ல. தண்ணியக் கண்டதும் பிள்ளையெல்லாம் ஓடுது. கையப் பிடிச்சா கை நழுவுது, தோளப் பிடிச்சா தோளு நழுவுது. அயிர மீனாவது செத்த நேரம் கையில நிக்கும். ஆச்சி பேரன் டீச்சரம்மா கையில இருந்து வழுக்கி, பாறையில சர்ருன்னு சறுக்கி, கீழ தேங்கிக் கெடந்த தண்ணியில தொபுக்குன்னு போயி உக்காந்தான். ஆச்சி போட்ட சத்தத்துல கொரங்கெல்லாம் மரத்த விட்டு ஓடிட்டு. அவன் எந்திரிச்சு, "ஆச்சி, இன்னொருக்கா!"ங்கான். ஒரு கீறல் இல்ல. ஆனா அதப் பாத்த மத்ததெல்லாம் "நானும், நானும்"னு பாறையில ஏறுது.

"எல்லாரும் இருந்த எடத்துல உக்காருங்கலே! எந்திரிச்சா இட்லி கெடையாது!"ன்னு கத்துனேன் பாருங்க, குளிக்க வந்த பெரிய ஆளுக ரெண்டு பேரும் சேந்து உக்காந்துட்டாவ. பக்கத்துல குளிச்சுக்கிட்டிருந்த பொம்பளையள்கிட்ட கையேந்தி சீயக்காய்த் தூளு வாங்கினேன். ஓரத்துல வரிசையா உக்கார வச்சு நானும் டீச்சரம்மாவும் தேய் தேய்னு தேச்சோம். கண்ணுல பட்டு பதினாலும் எம் மவளும் ஒரே கொரல்ல அலறுது. ஆச்சியும் சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு பேரன அவியளே தேச்சாவ. எண்ணெய் போன பெறகு ரெண்டு ரெண்டு பேராப் பிடிச்சு அருவியில காட்டுனோம். அழுத பிள்ளையெல்லாம் அப்ப சிரிச்ச சிரிப்பு இருக்கே!

பெறகு பாறையில உக்காந்து இட்லி தின்னோம். ஆச்சி ஆரம்பிச்சாவ.

"டீச்சர், பாறையில நிப்பாட்டப் போற பிள்ளைக்கி எண்ணெய் வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லப்படாதா? நீங்க படிச்சவியதானே? நாளைக்கே அறையப் பூட்டட்டுமா?"

டீச்சரம்மா என்னயக் காட்டிக் குடுக்கலை. என் பக்கம் திரும்பக் கூட இல்ல. எம் மவ என் மடியில இருந்து இட்லியப் பிச்சுத் தின்னுக்கிட்டிருந்தா. நான் வாயத் தெறந்தா என் வேல போவும், கூடவே இவ படிப்பும் போவும். தெறக்கலைன்னா பள்ளிக்கூடமே போவும். எப்பிடியும் போவத்தான் போவுதுன்னு தெரிஞ்ச பெறகு என்ன?

"ஆச்சி, டீச்சரம்மா சொன்னாவ. நாந்தான் ஒரு வீட்டுலயும் சொல்லலை."

"ஏட்டி, ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பியளா?"

ஆச்சி வாயில இருந்த இட்லிய முழுங்குனாவ. "கேக்கவா? வெளக்குமாத்த எடுத்திருப்பேன்."

"அதுக்குப் பயந்துதான் ஆச்சி."

"அப்ப எம் பேரன் மண்டைய ஒடச்சிருந்தா பரவாயில்லியா? ஒனக்கு என் வெளக்குமாறு அவ்வளவு பெருசாட்டி?"

எனக்கு அழுவதான் வந்துச்சு. டீச்சரம்மா பைய, "திங்கக்கெழமையில இருந்து நான் சொல்லுதத அப்படியே சொல்லுவியளா?"ன்னு கேட்டாவ. சொல்லுவேன்னேன்.

"மொதல்ல என் வாசல்ல வந்து சொல்லணும்"னாவ ஆச்சி. "ஒரு சொல்லு கொறஞ்சுதுன்னு தெரிஞ்சா, ஆத்தாளும் மவளும் வயலுக்கே போயிருங்க."

திங்கக்கெழம சாயந்தரம் டீச்சரம்மா ஒரே ஒரு சேதிதான் சொன்னாவ. "டீச்சரம்மா, இத நாளைக்கிச் சொல்லலாமா?"ன்னேன். அவிய என்னயப் பாத்த பார்வையில நான் நடையக் கட்டிட்டேன்.

ஆச்சி வெத்தல மடிச்சுக்கிட்டு இருந்தாவ. சுத்தி வீட்டாளுக நாலு பேரு.

"ஆச்சி, உங்க பேரன் தலையில பேன் இருக்காம். ஈரும் இருக்காம். சுத்தமா எடுத்துட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணுமாம்."

வெத்தல அப்படியே கையில நின்னுட்டு. "யாரு தலையில?"

"உங்க பேரன் தலையில."

ஆச்சி பேரனக் கூப்பிட்டு, முடிய வகுந்து வகுந்து பாத்தாவ.

"ஆமாட்டி, இருக்கு"ன்னாவ. பெறகு, "இது எங்கன இருந்து வந்துச்சு? உன் மவ தலையப் பாத்தியா?"

"பாத்தேன் ஆச்சி. அங்கனயும் இருக்கு."

ஆச்சி சிரிச்ச சிரிப்புல வெத்தல தெறிச்சுட்டு. "போயி அவளையும் பொறவாசலுக்குக் கூட்டிட்டு வா. ரெண்டு தலையையும் ஒரேடியாப் பாத்துருவோம். புதன்கெழம ரெண்டும் பள்ளிக்கூடத்துல இருக்கணும்."

புதன்கெழம ரெண்டு மொட்டத் தலையும் பக்கத்துல பக்கத்துல போயி உக்காந்துச்சு. எம் மவ அன்னைக்கித்தான் சிலேட்டுல 'அ' போட்டு என்கிட்ட ஓடி வந்து காட்டுனா. அது சரியா தப்பான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? டீச்சரம்மா சரின்னாவ.