சோஸில் எழுதாமல் விட்டது

கொழும்பு வெள்ளவத்தையில், ஏழாம் மாடியில், எங்கள் எதிர்வீட்டில் ஒரு கணக்கு வாத்தியார் இருக்கிறார். நெற்றி நிறையத் திருநீறு, சட்டைப்பையில் இரண்டு பேனா. கொடுத்த பாத்திரத்தை ஒருநாளும் வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை கோலிபிளவரைச் சோளமாவில் தோய்த்து, கொரியாக்காரர் செய்வதுபோல இரண்டு தரம் மொறுமொறுவென்று பொரித்தேன். தொட்டுக்கொள்ள மிளகாய் விழுதும் தேனும் கலந்த சோஸ். வெள்ளியில் அவர் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடமாட்டார். இது மரக்கறிதானே என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பி வந்து குசினியில் அடுப்படியைத் துடைக்கும்போதுதான் மீன் சோஸ் போத்தல் திறந்தபடி இருப்பதைக் கண்டேன். பழக்கத்தில் அதையும் ஊற்றியிருக்கிறேன். உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் கிண்ணம் நிறையக் கோயில் மோதகத்தோடு வந்தார்.

"வெள்ளிக்கிழமையிலை நான் வெளியிலை வாய் வைக்கிறேல்லை. உங்கட வீடு எண்டபடியால்தான் சாப்பிட்டனான். அந்தச் சோஸ் செய்யிற விதத்தை ஒருக்கா எழுதித் தாங்கோ, தங்கச்சி."

எழுதிக் கொடுத்தேன், மீன் சோஸை மட்டும் விட்டுவிட்டு.

அடுத்த கிழமை லிப்டில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீங்கள் எழுதினபடியேதான் செய்தனான். உங்கட கைருசி வரேல்லை."

இப்போதெல்லாம் அவர் லிப்டுக்கு நின்றால் நான் படியில் ஏறுகிறேன், ஏழு மாடியும்.