அலை உள்ளே போகும்போது

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டேன். வடமராட்சி கிழக்கில் அண்ணையோடு கரைவலை இழுத்தேன். கோயில் பாட்டுக் குழுவில் கிற்றார் பழகினேன். பிறகு கட்டாருக்குப் போய் ஒரு ஹோட்டலில் மேசை துடைத்தேன். அங்கே மாலையில் ஒருவர் கிற்றாரில் ஜாஸ் வாசிப்பார். துடைத்த மேசையையே திரும்பத் துடைத்துக்கொண்டு அவர் விரல்களைப் பார்த்தேன். எனக்கு அதுதான் வேண்டும் என்று தெரிந்தது.

ஊருக்கு வந்து கலியாண வீடுகளில் வாசிக்கிற பாண்ட் ஒன்றில் சேர்ந்தேன். பல வருசம் சினிமாப் பாட்டு. வீட்டில் என் சொந்தப் பாட்டுகளைக் கட்டினேன். நோட்ஸ் எழுதத் தெரியாது. போனில் பதிந்து வைப்பேன்.

நல்லூரில் ஒரு சின்ன மண்டபத்துக்காரர் கச்சேரி வைக்க ஒரு பின்னேரம் தந்தார். முழுக்க என் பாட்டுகள். பாண்ட் முதலாளியிடம் சொன்னேன்.

"அண்டைக்குக் கலியாணம் இருக்கு," என்றார். "நீ வராட்டி வேறை ஆளைப் போடுவன். பிறகு கேட்டு வரக்கூடாது."

"போடுங்கோ."

"உன்ரை பாட்டுக்கு ஆர் ஐசே ஆடுறது? காலை எங்கை வைக்கிறதெண்டே தெரியாது."

"ஆடத் தேவையில்லை. இருந்து கேட்கட்டும்."

பாண்டில் டிரம்ஸ் அடித்தவன் நெல்லியடிப் பெடியன். கலியாணம் கட்டி இரண்டு பிள்ளைகள். அவனும் வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்தான். அதனால் இந்தப் பின்னேரம் பிழையாகப் போகக் கூடாது என்று இருந்தேன்.

பழகத் தொடங்கியபோது முதல் பாட்டிலேயே இடறியது. அதை நான் கரைவலை இழுக்கிற கணக்கில் கட்டியிருந்தேன். நடுவில் எல்லாம் நிற்கும். சத்தமே இருக்காது. பிறகு கிற்றாரும் டிரம்ஸும் ஒன்றாக விழ வேண்டும். அந்த இடம் வந்ததும் அவன் டிரம்ஸை உருட்டி நிரப்பிவிடுவான். கலியாண வீட்டுப் பழக்கம் அது. பாட்டு நின்றால் சனம் சாப்பாட்டுப் பக்கம் போய்விடும். அதனால் பாண்ட்காரர் இடைவெளி விடுவதில்லை.

"விடு," என்பேன்.

"விடுறன் அண்ணை. கை விடுதில்லை."

ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்தான். எண்ணினால் கட்டை போல இருந்தது. கடைசியில் அவனைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது பல இடத்தில் உழவு இயந்திரம்தான் வலை இழுக்கிறது. அண்ணை இன்னும் ஆட்களை வைத்து இழுக்கிறார்.

அலை கரைக்கு வரும்போது கயிற்றை இழுக்க வேண்டும். அலை உள்ளே போகும்போது இழுக்கக் கூடாது. பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவன் நிற்கவில்லை. கடல் இழுத்த நேரம் தானும் இழுத்தான். கயிறு அவனை முகம் குப்புற மண்ணில் போட்டது.

"தம்பி," என்றார் அண்ணை, "நீர் வலையை இழுக்கிறீரோ, வலை உம்மை இழுக்குதோ?"

எல்லாரும் சிரித்தார்கள். அவன் மண்ணைத் துப்பினான்.

"கை எரியுது அண்ணை," என்றான் என்னிடம்.

"நாளைக்கும் வா."

வந்தான். அதற்கு அடுத்த நாளும் வந்தான். பிறகு அண்ணை அவனைப் பார்த்துச் சிரிப்பதை விட்டுவிட்டார்.

மண்டபத்தில் பாதி நாற்காலி வெறுமை. முதல் பாட்டைத் தொடங்கினோம். அந்த இடம் வந்தது. நிறுத்தினேன். அவன் தடிகளைத் தூக்கியபடி இருந்தான். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன, மறந்திட்டினமோ?" என்று பின்னால் ஒரு குரல். சிரிப்பு எழும்பியது. ஒருவர் எழுந்து வாசல் பக்கம் போனார்.

அவன் என்னைப் பார்த்தான். உருட்டிவிட்டால் சிரிப்பு அடங்கும். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"பொறு," என்றேன் வாய்க்குள்.

பொறுத்தான். சிரிப்பு தானாக அடங்கியது. அதன் பிறகும் கொஞ்சம் பொறுத்தான். தொடங்கு என்று நான் தலையை அசைக்கவில்லை. இருவரும் ஒன்றாக விழுந்தோம்.

வாசலுக்குப் போனவர் அங்கேயே நின்றார். திரும்பி வந்து இருக்கவில்லை. வெளியே போகவும் இல்லை.

கை தட்டல் கொஞ்சம்தான். அது முடியும்வரை நாங்கள் காத்திருக்கவில்லை. அடுத்ததும் என் பாட்டு. தொடங்கினோம்.